சுமை நடைக்கு ஒரு செயலி

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்த தங்கச்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"திருப்பிக் கொடுத்துட்டாங்க அண்ணே."

நடனப் பள்ளி நடத்தும் டீச்சர் ஒருவர் அவளிடம் எட்டு நிமிட இசை கேட்டிருந்தார். சுமை தூக்குகிறவர்களைப் பற்றி ஓர் ஆட்டம்; பதினோரு பெண்பிள்ளைகள் ஆடுவார்கள். தங்கச்சி மூன்று வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்துகொண்டு போனதை டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சுத்தமா இருக்கு. ஆனா இதுல யாரும் எதையும் சுமக்கலையே" என்றாராம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் ஒத்திகைக்கு வருகிறார்கள். அதற்குள் வேறு கொண்டுவந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் எப்போதும் வாங்குகிற ஒலிப்பதிவுக் கூடத்திலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தங்கச்சிக்கு அது சின்ன விஷயம் இல்லை. பதினாலு வருஷமாக நகல் எடுக்கும் கடையில் நிற்கிறாள். அடுத்தவர் எழுதியதை ஒன்றுக்கு ஐம்பதாக ஆக்கித் தருவதுதான் வேலை. நீ செய்ததைக் கொண்டு வா என்று அவளிடம் ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. அந்த டீச்சர் வருஷத்துக்கு மூன்று புது ஆட்டம் போடுகிறவர். ஒருவரைப் பிடித்துப்போனால் விடமாட்டார். பிடிக்காவிட்டால் இன்னொரு தடவை கூப்பிடவும் மாட்டார்.

நான் மாவுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறேன், இருபத்தாறு வருஷமாக. அதனால் தங்கச்சி என்னைத்தான் பிடித்தாள்.

"தூக்கும்போது ஏதோ முணுமுணுப்பேன்னு சொல்வீங்களே, அதைப் பாடுங்க அண்ணே."

அவளுடைய மேசை எங்கள் முன்னறை மூலையில், துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர். அதில் இருக்கும் இசை மென்பொருள் அதைவிடப் பழையது. திரையில் வரிசை வரிசையாகக் கோடு போட்டிருக்கும். ஒரு வரிசையில் முழவு, ஒன்றில் வயலின் என்று அடுக்கிக்கொண்டே போவாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்து மைக்கை வாய்க்கு நேரே நிறுத்தினாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பித்தால், ஆபீஸில் பேரைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிறவன் குரல்தான் வந்தது.

என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "குளிக்கும்போது போடுற சத்தமே இதைவிடத் தேவலைங்க."

"மூட்டை இல்லாம எங்கிருந்து வரும்?" என்றேன்.

சரி என்று தலையணைகளையும் பழைய துணியையும் போர்வையில் கட்டி என் தோளில் ஏற்றினார்கள். நடந்தேன். ஆறு எட்டு வைப்பதற்குள் சுவர் வந்துவிட்டது. கிடங்கில் லாரியிலிருந்து சாய்வுப் பலகை ஏறி அடுக்குக்குப் போக இருபத்திரண்டு எட்டு. ஆறாவது எட்டிலேயே திரும்புகிறவனுக்கு என்ன பாட்டு வரும்? கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று, "என்ன மேலே, கட்டிலை இடம் மாத்துறீங்களா?" என்று கேட்டார். அதோடு மூட்டையை இறக்கிவிட்டோம்.

கம்ப்யூட்டரைக் கிடங்குக்குத் தூக்கிப்போக முடியாது. அப்படியானால் என் போனில்தான் பிடிக்க வேண்டும். எந்தச் செயலியில் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

அன்றைக்கே என் போனில் நான்கு செயலிகளை ஏற்றினாள். போனில் இடம் இல்லாததால் என் மச்சினன் கல்யாண வீடியோவை அழிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை.

முதலாவது, அவள் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் மென்பொருளின் குட்டி. அவளுக்கு அதன் மேல்தான் கண். "பாதி வேலையைக் குடோன்லயே முடிச்சிடலாம் அண்ணே" என்றாள். அத்தனை பொத்தானையும் ஓர் உள்ளங்கைக்குள் வைத்திருந்தார்கள். என் விரலை வைத்தால் ஒரே அமுக்கில் மூன்று அமுங்கும். பத்து நிமிஷத்தில் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. இன்னொன்று நன்றாகவே பதிவு செய்தது, ஆனால் செய்ததை வெளியே விடாது. தன் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டருக்கு அனுப்பப் பார்த்தால் பணம் கட்டு என்றது. கட்டினாலும் அவள் மென்பொருளுக்குப் புரியாத வகையில்தான் தரும் என்று எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டாள். அதையும் ஒதுக்கினோம்.

மிச்சம் இரண்டு. செவ்வாய்க்கிழமை அவற்றைக் கிடங்குக்கு எடுத்துப் போனேன்.

டீ நேரத்தில் அதில் ஒன்றைத் திறந்தேன். கலர் கலராகக் கட்டங்கள். ஒன்றைத் தொட்டதும் கிடங்கே அதிர்கிற மாதிரி முழக்கம் கிளம்பியது. எங்கள் கூட்டத்தில் 'ஒல்லி' என்று ஒருவன் இருக்கிறான். ஆள் இரண்டு மூட்டை அகலம். அவன் டீ கிளாஸோடு எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டான்.

"அட, நம்ம ரேடியோ பேண்டு செட்டு வெச்சிட்டாருப்பா!" என்றான். கிடங்கில் என் பேர் ரேடியோ.

"யோவ் ஒல்லி, பலகை மேல ஆடாதய்யா. உன் இடுப்புக்கு அது தாங்காது" என்றார் மேஸ்திரி. கிடங்கில் எல்லோருக்கும் பிடித்த செயலி அதுதான். நான்கு மூட்டை தூக்கி முடிக்கும்வரை அதில் முணுமுணுத்துப் பதிவு செய்தேன்.

சாயங்காலம் தங்கச்சி கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கியது.

"அண்ணே, இது நீங்க இல்ல. உங்களை யாரோ இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சிருக்காங்க."

எனக்கும் கேட்டது. சுமையோடு போகிற நடை வேறு, வெறுங்கையாகத் திரும்புகிற நடை வேறு. போகும்போது எட்டு சின்னது, பலகை ஏறுகையில் இன்னும் இழுபடும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது கால் தன்னால் ஓடும். பாட்டும் அதற்கேற்ப இழுக்கும், ஓடும். அந்தச் செயலி எல்லாவற்றையும் தன் முழக்கத்துக்கு இழுத்துச் சரிசெய்து ஒரே நடையாக்கியிருந்தது.

நாலாவதில் ஒன்றுமே இல்லை. கறுப்புத் திரை, நடுவில் சிவப்பாக ஒரு வட்டம், என் கட்டைவிரல் அளவு. தொட்டால் பிடிக்கும், மறுபடி தொட்டால் நிறுத்தும். பிடித்ததை அப்படியே சாதாரண ஒலிக் கோப்பாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடும். அன்றைக்கே அதிலும் கொஞ்சம் பிடித்திருந்தேன்; அதைக் கேட்டபோது பலகை முனகுவதுகூடத் தெரிந்தது.

தங்கச்சி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "நான் தப்பாவே தேடிட்டு இருந்திருக்கேன் அண்ணே. கம்ப்யூட்டர் செய்யறதையெல்லாம் போனும் செய்யணும்னு பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு முடியாதது ஒண்ணே ஒண்ணுதான், எழுந்து உங்க கூட வர்றது. போன் அதை மட்டும் செஞ்சுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

மற்ற மூன்றையும் அப்போதே அழித்தாள்.

புதனும் வியாழனும் பதிவு செய்தேன். மாவுத்தூசி படாமல் இருக்க போனை பிளாஸ்டிக் உறையில் போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கையில் எடுத்தால் பிடுங்கி வைத்துவிடுவேன் என்று சொல்லித்தான் மேஸ்திரி விட்டார்; பைக்குள் விரலை விட்டே வட்டத்தைத் தொடுவேன். "ரேடியோ, தூக்குறியா, கச்சேரி பண்றியா?" என்று நடுநடுவே அவர் குரலும் விழுந்தது.

"ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சிடுங்க. இல்லேன்னா எது எதுன்னு தெரியாம நான் முழிக்கணும்" என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். எனக்கு எழுத்து நாற்பது வயசுக்கு மேல்தான் கைவந்தது. எழுதுவேன், ஆனால் நேரம் ஆகும். டீ இடைவேளை முழுக்க உட்கார்ந்து போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தமிழில் பேர் வைத்தேன். பலகை ஏற்றம். மூட்டை இறக்கம். வெறுங்கை நடை. மேஸ்திரி திட்டியது. இரண்டு நாளும் டீ ஆறித்தான் போனது. மொத்தம் இருபத்து மூன்று. வீட்டுக்கு வந்ததும் கம்பியைச் செருகிக் கம்ப்யூட்டரில் நானே ஏற்றிவிட்டு, மறுநாளைக்கு இடம் வேண்டுமே என்று போனில் துடைத்துவிடுவேன்.

வியாழக்கிழமை கடையிலிருந்து வந்ததும் தங்கச்சி வேலையில் இறங்கினாள். மென்பொருள் ஒரு கோப்பையும் திறக்கவில்லை. பேர் இருக்க வேண்டிய இடத்தில் காலிப் பெட்டிகளாக வரிசையாக நின்றன.

"இதுக்குத் தமிழ் எழுத்து தெரியாது அண்ணே. பழசு பாருங்க. பேரை மாத்திட்டா திறந்துடும்."

நகல் கடையில் ஒரு குவியல் கோப்புக்கு ஒரே நேரத்தில் பேர் மாற்றுகிற சின்ன நிரல் ஒன்று உண்டாம். அது அவளிடமும் இருந்தது. ஓடவிட்டாள். அது தனக்குத் தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனது. நடுவில் ஏதோ கேட்டது. அவள் 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று அமுக்கினாள். நாள் முழுக்க அப்படி அமுக்கிப் பழகிய கை.

இருபத்து மூன்று கோப்பு ஏழாகிவிட்டது.

என்ன நடந்தது என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எழுத்தெல்லாம் கோடானதும், ஒரே நீளமுள்ள பேர்கள் ஒரே பேராகிவிட்டன. ஏற்கெனவே இந்தப் பேரில் ஒன்று இருக்கிறது, அதன் மேல் எழுதட்டுமா என்றுதான் அது கேட்டிருக்கிறது. ஆம் என்றதும் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதித் தீர்த்துவிட்டது.

"போன்ல இருக்குமே, குடுங்க."

"துடைச்சிட்டேன்."

"ஏன் அண்ணே துடைச்சீங்க?"

"இடம் இல்லேன்னா அழிச்சிடுங்கன்னு நீதானே சொன்னே?"

"நான் சொன்னது அந்தக் கல்யாண வீடியோவை!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. "எந்தக் கல்யாண வீடியோ?" என்று வீட்டுக்காரி வந்து நின்றாள்.

அதற்குப் பிறகு கால்மணி நேரம் இசையைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டுக்காரிதான் கடைசியில் அடங்கினாள். "அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சு. ஒண்ணு துடைக்கும், ஒண்ணு ஆமாம் போடும்" என்று சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

தப்பிய ஏழையும் கேட்டுப் பார்த்தோம். மேஸ்திரி திட்டியது தப்பியிருந்தது. மின்விசிறிச் சத்தம், லாரி பின்னால் வருவது, டீ ஊற்றுவது எல்லாம் இருந்தன. என் முணுமுணுப்பு ஒன்று நன்றாகவே தப்பியிருந்தது. ஆனால் சுமையோடு நடந்தது ஒன்றுகூட இல்லை. டீச்சர் எதைக் கேட்டாரோ அது மட்டும் இல்லை.

"நாளைக்கு ஒரு நாள் இருக்கு அண்ணே" என்றாள் தங்கச்சி.

"நாளைக்கு லாரி வராதும்மா."

வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு நடை கிடையாது. சுவரோரம் ஈரம் ஏறிய அடுக்கைப் பிரித்து இந்தப் பக்கம் மாற்றி அடுக்குவோம். நான்கு பேர் வரிசையாக நின்று மூட்டையை ஒருவர் வயிற்றிலிருந்து அடுத்தவர் வயிற்றுக்குக் கொடுப்போம். கால் நகராது. பலகை இல்லை. பாட்டும் வராது, ஏனென்றால் திரும்பி நடக்கிற நேரம் என்று ஒன்று அதில் இல்லை. மூட்டை கொடுத்த கை காலியாவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

இருந்தாலும் வெள்ளிக்கிழமை காலையில் சிவப்பு வட்டத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுப் பையில் போட்டேன். பேர் வைக்கிற வம்பே வேண்டாம் என்று நடுவில் நிறுத்தவே இல்லை. பாதி அடுக்கு மாறியபோது அதை மறந்தும் போய்விட்டேன். ஞாபகம் வந்து நிறுத்தியபோது ஐம்பத்தொரு நிமிஷம் ஓடியிருந்தது.

சாயங்காலம் தங்கச்சி அதைப் போட்டுக் கேட்டாள். ஹும் என்று ஒரு மூச்சு, தொப் என்று மூட்டை ஒருவர் வயிற்றில் விழும் சத்தம், மறுபடி ஹும். அவ்வளவுதான். நானே வெட்கப்பட்டேன்.

"நான் சொன்னேன்ல, நடை இல்லைன்னு."

"கொஞ்சம் பேசாம இருங்க அண்ணே."

ஐம்பத்தொரு நிமிஷத்தையும் அவள் திரையில் ஒரே கோடாக விரித்தாள். ஒவ்வொரு மூட்டைக்கும் கோட்டில் ஒரு மேடு. ஆரம்பத்தில் மேடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. போகப்போக விலகின. கடைசியில் ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு விரலை வைக்கலாம் போல இருந்தது. விரலை வைத்தும் காட்டினாள்.

"முதல்ல ரெண்டு விநாடிக்கு ஒரு மூட்டை. கடைசியில நாலரை. முதல்ல பேசறீங்க, சிரிக்கறீங்க. முப்பதாவது நிமிஷத்துக்கு மேல யாருமே பேசல. இங்க ஒருத்தர் இருமறார், யாரது?"

"ஒல்லி."

"அவர் இருமினதும் மூணு பேரும் அவருக்காக நிக்கறீங்க. தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நின்றோமா என்ன என்று யோசித்துப் பார்த்தேன். நின்றிருப்போம்.

அவள் மென்பொருளில் ஒரு கட்டக்கோடு உண்டு. வைக்கிற ஒலியையெல்லாம் அந்தக் கோட்டுக்கு இழுத்து ஒட்டவைக்கும். அன்று முதல் தடவையாக அதை அணைத்தாள். மறுநாள் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, ஐம்பத்தொரு நிமிஷத்திலிருந்து அங்கங்கே எடுத்து, வரிசை மாறாமல் எட்டு நிமிஷமாக்கினாள். மூச்சுக்கு அடியில் கனமாக ஒரு தந்திக் கருவி. பழைய இசையிலிருந்து முழவை மட்டும் எடுத்து, மூட்டை விழுகிற சில இடங்களில் வைத்தாள். மேலே தப்பித்த என் முணுமுணுப்பு. போட்டுக் காட்டியபோது வீட்டுக்காரி கையில் கரண்டியோடு நின்று கடைசிவரை கேட்டாள். "உங்க குரலா இது?" என்று மட்டும் கேட்டாள். அன்று தண்ணீர் வைத்துவிட்டுப் போனதற்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

பென் டிரைவோடு பத்து மணிக்குப் போனோம். மரத்தரை போட்ட நீளமான கூடம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பதினோரு பிள்ளைகளும் வெறுங்காலோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் மெலிந்த ஆள்; நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். தங்கச்சி பென் டிரைவை இரண்டு தடவை தலைகீழாகச் செருகப் பார்த்தாள்.

"எழுந்திருங்க பிள்ளைங்களா. ஆட வேண்டாம். கேட்டுக்கிட்டே நடங்க" என்றார் டீச்சர்.

நடந்தார்கள். எண்ணி நடந்து பழகிய பிள்ளைகள். எண்ணிக்கை கிடைக்காமல் ஒன்றன் மேல் ஒன்று இடித்தார்கள், சிரித்தார்கள். பிறகு என் முணுமுணுப்பு வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு அழகாக நடந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கண்ணாடியில் என் முகம் தெரிந்ததால் குனிந்துகொண்டேன்.

டீச்சர் பாதியில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அடியில இருக்கறதுதான் நான் கேட்டது. சுமக்கறாங்க. ஆனா மேல பாட்டு வந்ததும் பிள்ளைங்க பாட்டைப் பிடிச்சிட்டு மிதக்கறாங்க, கனம் போயிடுது. யார் பாடினது?"

தங்கச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்காவிட்டால் டீச்சர் 'சரி, பார்க்கலாம்' என்று அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

"நான்தாங்க பாடினேன்" என்றேன். "எடுத்துடலாம். கம்ப்யூட்டர் வீட்டுல இருக்கு, போய் எடுத்துட்டு..."

"வேண்டாம் அண்ணே" என்றாள் தங்கச்சி. "பாட்டு இல்லாம ஒண்ணு இதுலயே இருக்கு."

என்னைப் பார்க்காமல் அடுத்த கோப்பைத் திறந்தாள்.

பிள்ளைகள் மறுபடி நடந்தார்கள். பிடித்துக்கொள்ளப் பாட்டு இல்லை. முதல் நிமிஷம் தடுமாறினார்கள். பிறகு சிரிப்பு நின்றது. மூச்சு வரும்போது மூச்சு விட்டார்கள், மூட்டை விழும்போது நின்றார்கள். மேடுகள் விலகிக்கொண்டே போன இடத்தில் ஒவ்வொரு பிள்ளையாக முழங்கால் மடங்கியது. தோளில் ஒன்றும் இல்லை, ஆனாலும் மடங்கியது. இருமல் வந்ததும் பதினோரு பேரும் நின்றுவிட்டார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

முடிந்ததும் டீச்சர் தங்கச்சி பக்கம் திரும்பினார். "இதை எடுத்துக்கறேன்" என்றார். "அந்த இருமலைத் தொடாதே. அடுத்தது மழைக்காலத்துக்கு முன்னாடி ஒண்ணு வேணும், புதன்கிழமை வந்து பேசு."

வெளியே படிக்கட்டுக்கு வந்ததும் தங்கச்சி உட்கார்ந்துவிட்டாள்.

"கோவமா அண்ணே?"

"எப்ப செஞ்சே அதை?"

"காலையில, நீங்க சட்டை மாத்தப் போனப்போ. உங்க பாட்டை எடுத்துட்டுக் கேட்டா அதுதான் நல்லா இருந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் ரெண்டையும் போட்டு, முதல்ல உங்களுதைத் திறந்தேன்."

"அப்ப ஏன் டீச்சர் கேட்டதும் பேசாம நின்னே? அனுப்பியிருந்தா என்ன செஞ்சிருப்பே?"

"நீங்க பக்கத்துல நின்னுட்டு இருந்தீங்களே."

பக்கத்தில் உட்கார்ந்தேன். "இங்க பாரும்மா. பாட்டு இருந்தப்போ அந்தப் பிள்ளைங்க நிமிர்ந்து நடந்துச்சுங்க. எடுத்ததும் குனிஞ்சுதுங்க. மூட்டை தூக்கறவன் நான், எனக்குத் தெரியாதா எது சரின்னு? இனிமே இந்த மாதிரி இருந்தா முதல்லயே சொல்லிடு."

"சொன்னா திட்ட மாட்டீங்களா?"

"திட்டுவேன். திட்டிட்டு எடுக்கச் சொல்வேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். உள்ளே டீச்சர் மறுபடி முதலிலிருந்து போட்டிருந்தார். நான் பன்னிரண்டு மணிக்குள் கிடங்கில் இருக்க வேண்டும், இன்னும் நேரம் இருந்தது.